கப்பல் உடைந்த பிறகு கூடுகிறவர்கள்

(நூலக வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அழைப்பிதழில் ‘கடற்படைக் கப்பல்களின் வரலாறு’ என்று அச்சடித்துவிட்டார்கள். அவ்வளவு பெரிய தலைப்புக்கு ஒரு மாலைப்பொழுது போதாது. நான் பேச வந்தது அதில் ஒரு மூலையைப் பற்றித்தான். கப்பல் ஓய்வு பெற்ற பிறகும், சில சமயம் அதை உடைத்துப் பழைய இரும்பாக விற்றுத் தின்ற பிறகும், அதில் வேலை பார்த்தவர்கள் வருஷம் தவறாமல் ஓரிடத்தில் கூடுகிறார்கள் அல்லவா, அந்தக் கூடல் பற்றி. நான் கடற்படையில் இருந்தவன் இல்லை. இருந்தவர்கள் பேசுவதைக் கேட்டவன். தப்பாகச் சொன்னால், சட்டையில் பதக்கம் குத்திக்கொண்டு முன்வரிசையில் அமர்ந்திருக்கும் முன்னாள் கடற்படைப் பெரியவர்களே, நீங்கள் திருத்தலாம். திருத்தாமல் விடமாட்டீர்கள் என்பதும் தெரியும்.

2017 மார்ச் 6. மும்பை கடற்படைத் தளம். ஐ.என்.எஸ். விராட் என்ற விமானந்தாங்கிக் கப்பலுக்கு அன்று விடைகொடுப்பு. சூரியன் மறையும் நேரத்தில் கொடியைக் கடைசி முறையாக இறக்கினார்கள். அந்தக் கூட்டத்தில் நம் ஊர் மாலுமிகளோடு சில வெள்ளைக்காரக் கிழவர்களும் நின்றார்கள். விருந்துக்கு வந்த வெளிநாட்டுப் பிரமுகர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். அவர்களும் அந்தக் கப்பலின் பழைய மாலுமிகள்தான். விராட் நம்மிடம் வருவதற்கு முன்னால் அதன் பெயர் எச்.எம்.எஸ். ஹெர்மீஸ். பிரிட்டிஷ் கடற்படையில் கால் நூற்றாண்டு, நம் கடற்படையில் 30 வருஷம். ஒரே கப்பலுக்கு இரண்டு நாட்டுப் பிள்ளைகள். இரண்டு கூட்டமும் ஏறியது அதே இரும்பு ஏணி. தலையை இடித்துக்கொண்டதும் அதே தாழ்ந்த நிலைப்படிகளில்தான்.

இந்தக் கப்பலின் ஜாதகத்தைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். 1944 ஜூனில், இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோது, இங்கிலாந்தின் பாரோ என்ற ஊரில் அடிக்கட்டை போட்டார்கள். முதலில் வைத்த பெயர் ‘எலிஃபன்ட்’. யானை என்று பெயர் வைத்த ராசியோ என்னவோ, அசைய மறுத்தது. போர் முடிந்தது, வேலை நின்றது. 1953-ல்தான் தண்ணீரில் இறக்கினார்கள். 1959 நவம்பரில்தான் கடற்படையில் சேர்ந்தது. நடுவில் பெயரை ஹெர்மீஸ் என்று மாற்றியிருந்தார்கள்.

அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்பது தமிழர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய சங்கதி. அதற்கு முன்னால் இன்னொரு ஹெர்மீஸ் இருந்தது. விமானந்தாங்கியாகவே திட்டமிட்டு வரையப்பட்ட உலகின் முதல் கப்பல் அது. 1942 ஏப்ரல் 9 அன்று மட்டக்களப்புக்கு அப்பால் ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டு அதை மூழ்கடித்தன. 307 பேர் இறந்தார்கள். கடலில் மிதந்தவர்களை ‘வீட்டா’ என்ற மருத்துவக் கப்பல் பொறுக்கியெடுத்துக் காப்பாற்றியது. அந்தக் கப்பல் இன்றும் மட்டக்களப்புக் கடலடியில் கிடக்கிறது. முக்குளிப்பவர்கள் போய்ப் பார்த்துவிட்டு வருகிறார்கள். அதன் பெயரைச் சுமந்த இரண்டாவது கப்பல்தான் பின்னால் விராட் ஆனது. அது 1989-ல் இலங்கைக் கடலுக்குப் போனது. பிறகு அந்தக் கதைக்கு வருகிறேன்.

சரி, ‘பழைய மாலுமிகள் கூடுகிறார்கள்’ என்றால் நமக்கு என்ன தோன்றும்? பள்ளிக்கூடத்துப் பழைய மாணவர் சந்திப்பு மாதிரி என்று தோன்றும். தோள்மேல் கை போட்டு ஒரு போட்டோ, மத்தியானம் பிரியாணி, சாயங்காலம் ரயில். கப்பல்காரர்கள் கூடினால் முதல் ஒரு மணி நேரம் வேறுவிதமாகப் போகும். பாதிப் பேருக்குப் பாதிப் பேரைத் தெரியாது. விராட் மாதிரி ஒரு கப்பலில், விமானப் பிரிவையும் சேர்த்தால், ஏறத்தாழ 1,500 பேர். 28,000 டன்னுக்கு மேல் எடை, 226 மீட்டர் நீளம். ஒரு நடுத்தரக் கிராமத்தையே இரும்புப் பெட்டிக்குள் போட்டு மூடிய மாதிரி. மேல்தளத்தில் விமானம் தள்ளுகிறவனுக்கு அடித்தளத்தில் கொதிகலன் பார்க்கிறவனைத் தெரியாது. இரண்டு வருஷம் ஒரே கப்பலில் இருந்தும் முகம் பார்க்காதவர்கள் உண்டு.

ஆகவே கூடும்போது முதல் கேள்வி உன் பெயர் என்ன என்பதில்லை. எந்த வருஷம், எந்தப் பிராஞ்ச், எந்த மெஸ். மெஸ் என்பது கப்பலுக்குள் வீடு. மூன்றடுக்குப் படுக்கை, ஒரு பெட்டி, ஒரு கொக்கி, அவ்வளவுதான் ஒருவனுக்குச் சொந்தம். மேல் படுக்கையில் யார் படுத்தான், யார் குறட்டை விட்டான், யார் வீட்டுக் கடிதத்தைச் சத்தமாகப் படித்தான் என்பதெல்லாம் மெஸ்ஸுக்குள்தான் தெரியும். மெஸ் சரியாகப் பிடிபட்டுவிட்டால் பிறகு பெயர் தானாக வரும்.

எனக்குத் தெரிந்த ஒரு அண்ணாச்சி இருக்கிறார். திருநெல்வேலிப் பக்கம். விராட்டில் கொதிகலன் பிரிவில் இருந்து, பெட்டி ஆபீசராக ஓய்வு பெற்றவர். அவரிடம் ஒருநாள், “அண்ணாச்சி, விமானம் கப்பலிலிருந்து கிளம்புவதைப் பார்க்கப் பிரமாதமாக இருக்குமே” என்று கேட்டேன். சிரித்துவிட்டார்.

“தம்பி, மேல இருக்கவனுக்கு வானம் தெரியும், கடல் தெரியும். எங்களுக்கு கேஜ் முள்ளு மட்டுந்தான் தெரியும். ஸ்பீடைக் கூட்டுன்னு ஆர்டர் வந்தா, சரி, மேல பிளேன் ஏறப் போகுதுன்னு அர்த்தம். அதுக்கப்புறம் தலைக்கு மேல ஒரு இரைச்சல் கேக்கும். அம்புட்டுத்தான் நான் பாத்த ஹாரியர்.”

கப்பலின் முன்முனையில் மேல்நோக்கி வளைந்த ஓடுதளம் ஒன்று இருந்தது. 12 டிகிரி ஏற்றம். சீ ஹாரியர் விமானங்கள் அதில் ஓடித் தாவி மேலே ஏறும். கப்பல் காற்றை எதிர்த்துத் திரும்பி வேகமாக ஓடினால் விமானத்துக்கு ஏறுவது எளிது. அதனால்தான் அந்த ‘ஸ்பீடைக் கூட்டு’. எண்ணெய் எரித்து, நீராவி எழுப்பி, டர்பைனைச் சுற்றி, 76,000 குதிரைசக்தியை வெளியே தள்ளும் இயந்திரங்களின் பக்கத்தில் நின்றவர் அவர். ஐம்பது டிகிரியைத் தொடும் சூடு. நாலு மணி நேர முறை முடிந்து மேலே வரும்போது சட்டையில் உப்புப் பூத்திருக்கும். தான் ஏற்றிவிட்ட விமானம் எப்படி ஏறியது என்று அவர் தெரிந்துகொண்டது ஓய்வு பெற்ற பிறகு, ஒரு கூடலில். மேல்தளத்தில் கொடியசைத்த ஒருவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கையை ஆட்டி ஆட்டிச் சொன்னாராம். இவர் பதிலுக்குக் கீழே நடந்ததைச் சொன்னாராம். இருவரும் ஒரே காலத்தில் ஒரே கப்பலில் இருந்தவர்கள். முழுக் கப்பலையும் அன்றைக்குத்தான் இரண்டு பேரும் பார்த்தார்கள்.

நான் சொல்ல வந்த விஷயம் இதுதான். கப்பலின் வரலாறு என்று நாம் படிப்பதெல்லாம் மேலே, கப்பலை ஓட்டுகிற அறையிலிருந்து எழுதப்பட்டது. கேப்டன்கள் எழுதியது, அட்மிரல்கள் எழுதியது. அவை வேண்டியவைதான், நான் விரும்பிப் படிக்கிறேன். கீழே இருந்தவர்களின் வரலாறு எழுத்தில் ஏறியது மிகக் குறைவு. அது அவர்கள் நாக்கில் இருக்கிறது. அந்த நாக்குகள் வருஷத்துக்கு ஒரு முறை ஓரிடத்தில் சேர்கின்றன. சேர்ந்து, பேசி, சாப்பிட்டுவிட்டுக் கலைகின்றன. எழுதிவைக்க ஆளில்லை.

பழைய விக்ராந்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1961-ல் நம் கடற்படையில் சேர்ந்த முதல் விமானந்தாங்கி. 1971 போரில் காக்ஸ் பஜார், சிட்டகாங் துறைமுகங்களை அதன் விமானங்கள் தாக்கியது எல்லோரும் அறிந்தது. அந்தப் போருக்குக் கப்பல் எந்த நிலையில் போனது தெரியுமா? நான்கு கொதிகலன்களில் ஒன்றில் விரிசல். அதனால் முழு வேகம் கிடையாது. மணிக்கு 16 கடல் மைலைத் தாண்டக் கூடாது. காற்று இல்லாத நாளில் அந்த வேகத்தை நம்பி விமானத்தை ஏற்றுவது சூதாட்டம். கப்பலை ஒதுக்கிவைக்கலாம் என்ற பேச்சே இருந்தது. விரிசல் விட்ட கொதிகலனுக்கு இரும்புப் பட்டை போட்டு இறுக்கி, ஒவ்வொரு நாளும் கண்காணித்து, கப்பலைப் போருக்குக் கொண்டுபோனார்கள்.

அதே வருஷம் விக்ராந்த் சென்னைத் துறைமுகத்தில் நின்றிருக்கிறது. அங்கிருந்து விசாகப்பட்டினம், பிறகு சத்தமில்லாமல் அந்தமான். அதைத் தேடிக்கொண்டு பாகிஸ்தானின் காஜி நீர்மூழ்கி வங்கக் கடலுக்குள் வந்தது. விக்ராந்த் இன்னும் விசாகப்பட்டினத்தில்தான் இருக்கிறது என்று எதிரியை நம்பவைக்க, ராஜ்புத் என்ற பழைய கப்பலை விக்ராந்த் போல ரேடியோவில் பேசவைத்தார்கள். டிசம்பர் 3, 4 நடு இரவில் விசாகப்பட்டினத்துக்கு வெளியே காஜி மூழ்கியது. எப்படி மூழ்கியது என்பதில் இரண்டு நாட்டுக்கும் இன்றுவரை வழக்கு.

இந்தக் கதை புத்தகங்களில் இருக்கிறது, சினிமாவிலும் வந்துவிட்டது. சரி, அந்த இரும்புப் பட்டை போட்ட கொதிகலனுக்குப் பக்கத்தில் போர்நாள் முழுக்க நின்றவன் என்ன நினைத்துக்கொண்டு நின்றான்? பட்டை தெறித்தால் முதலில் போகிறவன் அவன். வீட்டுக்கு என்ன எழுதினான்? எங்கே போகிறோம் என்று அவனுக்குச் சொன்னார்களா? 1971-ல் இருபது வயது என்றால் இன்று எழுபதைத் தாண்டிவிட்டார். கேட்க வேண்டுமானால் இப்போதே கேட்க வேண்டும்.

விராட்டிலும் அப்படி ஒன்று உண்டு. 1993-ல் அதன் எஞ்சின் அறைக்குள் கடல்நீர் புகுந்து, கப்பல் மாதக்கணக்கில் கடலுக்குப் போகாமல் நின்றது. கப்பலின் வரலாற்றைச் சொல்லும் கட்டுரைகளில் இதற்கு ஒரு வரி இருக்கும். சிலவற்றில் அதுவும் இருக்காது. அந்த அறையில் வேலை பார்த்தவர்கள் நாலு பேர் கூடும் இடத்தில் விராட் என்று சொல்லிப் பாருங்கள். மத்தியானச் சாப்பாடு ஆறிப்போகும்.

ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கூடலில் சொல்லப்படுவதெல்லாம் வேதவாக்கு இல்லை. நாற்பது வருஷத்துக்கு முந்தைய புயல் ஒவ்வொரு வருஷமும் கொஞ்சம் பெரிதாகும். கேப்டனிடம் எதிர்த்துப் பேசியதாகச் சொல்கிறவர் அன்று வாயே திறந்திருக்க மாட்டார். ஆனால் தனியாகச் சொல்வதற்கும் கூடிச் சொல்வதற்கும் வித்தியாசம் உண்டு. கூட்டத்தில் ஒருவர் அளந்தால் எதிரே இருப்பவர் விடமாட்டார். “அன்னைக்கு நீ கப்பல் ஆஸ்பத்திரியில படுத்திருந்தியே, உனக்கெப்படித் தெரியும்?” என்று கேட்டுவிடுவார். அந்தச் சண்டையில் தேதி சரியாகும், ஆள் சரியாகும். ஒரு வரலாற்று மாணவனுக்கு இதைவிட நல்ல குறுக்கு விசாரணை கிடைக்காது.

இங்கிலாந்தில் ஹெர்மீஸ் கப்பலின் பழைய ஆட்களுக்குச் சங்கம் இருக்கிறது. கூடுகிறார்கள். அங்கே ஒரே கப்பலுக்குள் தலைமுறைகள் வேறு. பிரிட்டிஷ் கடற்படையில் மாலுமிகளுக்குத் தினம் மத்தியானம் அரசாங்கச் செலவில் ரம் ஊற்றும் வழக்கம் இருந்தது. 1970 ஜூலை 31-ஆம் தேதியோடு அதை நிறுத்திவிட்டார்கள். அதற்கு முன் ஹெர்மீஸில் இருந்தவர் ரம் குடித்தவர். பிறகு வந்தவர் கேள்விப்பட்டவர். இன்று மன்னராக இருக்கும் சார்லஸ் எழுபதுகளின் நடுவில் ஹெலிகாப்டர் விமானியாக அதே கப்பலில் வேலை பார்த்தவர். ஆக, ஹெர்மீஸ் சங்கத்துக் கிழவர் ஒருவர் மன்னரைத் தன் பழைய கப்பல்தோழர் என்று சொல்லிக்கொள்ளலாம், பொய்யாகாது.

அந்தக் கூடல்களின் நடுவில் கனமாக உட்கார்ந்திருப்பது 1982. அர்ஜென்டினாவோடு நடந்த ஃபாக்லாந்து போர். ஹெர்மீஸ்தான் அதில் தலைமைக் கப்பல். மே 1 அன்று அதன் விமானங்கள் முதல் தாக்குதலுக்குக் கிளம்பின. கப்பலில் பி.பி.சி. நிருபர் பிரையன் ஹான்ரஹன் இருந்தார். எத்தனை விமானம் போயின என்று சொல்ல அவருக்கு அனுமதி இல்லை. அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். எண்ணிக்கையைச் சொல்ல முடியாது, ஆனால் போனபோதும் எண்ணினேன், திரும்பியபோதும் எண்ணினேன் என்ற பொருளில் செய்தி சொன்னார். எல்லாம் திரும்பிவிட்டன என்று நாடே புரிந்துகொண்டது. அந்த வாக்கியம் அங்கே இன்றும் பிரசித்தம்.

மூன்றே நாள். மே 4 அன்று ஹெர்மீஸிலிருந்து போன ஒரு சீ ஹாரியர் சுட்டு வீழ்த்தப்பட்டது, விமானி திரும்பவில்லை. அதே நாளில் ஷெஃபீல்டு என்ற கப்பல் ஏவுகணை பட்டு எரிந்தது. 20 பேர் இறந்தார்கள். காயம்பட்டவர்களை ஹெலிகாப்டரில் ஹெர்மீஸின் மேல்தளத்தில் கொண்டுவந்து இறக்கினார்கள். ரொட்டி சுட்டவனும் துணி துவைத்தவனும் தூக்குப் படுக்கை சுமந்தார்கள். முதல் நாளின் வாக்கியம் உலகப் புகழ் பெற்றது. நாலாம் நாள் படுக்கை சுமந்தவனின் வாக்கியத்தைக் கேட்கச் சங்கக் கூட்டத்துக்குத்தான் போக வேண்டும். பிரிட்டிஷ் கடற்படையில் ஞாயிற்றுக்கிழமைக் கோப்பை, வர முடியாத நண்பர்களுக்கும் கடலில் இருப்பவர்களுக்கும் என்று உயர்த்தப்படும். கூடலில் அதைச் சொல்லும்போது யாரை நினைக்கிறார்கள் என்று வெளியாள் கேட்பதில்லை.

எதிர்ப்பக்கத்திலும் கப்பல்காரர்கள் இருந்தார்கள். பெல்கிரானோ என்ற அர்ஜென்டினக் கப்பல் 323 உயிர்களோடு மூழ்கியது. பிழைத்தவர்கள் அங்கேயும் கூடுகிறார்கள்.

இப்போது இலங்கைக்கு வருகிறேன். விராட் 1987 மே மாதம் நம் கடற்படையில் சேர்ந்தது. 1989 ஜூலையில், இந்திய அமைதிப்படை வெளியேற வேண்டும் என்று இலங்கை அரசு கெடு வைத்தபோது, கார்வால் ரைஃபிள்ஸ் படையினரை ஏற்றிக்கொண்டு விராட் இலங்கைக் கடலுக்குப் போனது. ‘ஆபரேஷன் ஜுபிடர்’ என்று பெயர். தமிழ்நாட்டில் பேசும்போது இதைத் தாண்டிப் போய்விட முடியாது. அந்தப் படை அங்கே இருந்த காலத்தைப் பற்றி இந்த அரங்கிலேயே ஒருமித்த கருத்து இருக்காது. போன சிப்பாயின் வீட்டில் ஒரு துக்கம். யாழ்ப்பாணத்துக் குடும்பத்தில் வேறொரு துக்கம். விராட்டில் அன்று தமிழ் மாலுமிகளும் இருந்திருப்பார்கள். அவர்கள் மனத்தில் என்ன ஓடியது? கூடல்களில் வெற்றிக் கதைகள் மேசைக்கு வரும், இந்த மாதிரிக் கதைகள் வராது. வந்தாலும் யாராவது ஒருவர், “விடப்பா, டீ ஆறுது” என்பார். எழுதிவைக்க வேண்டும் என்று நான் முதலில் நினைப்பது இவற்றைத்தான்.

கூடலுக்கு வருகிறவர்களில் இன்னொரு தரப்பு உண்டு, மனைவிமார். கப்பல் சங்கங்களின் நினைவு மலர்களில் அவர்கள் பெயர் ‘குடும்பத்தினர்’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அடங்கிப்போகிறது. கல்யாணமாகி நாற்பது நாளில் கப்பல் கிளம்பிவிடும். பிள்ளை பிறந்த சேதி இன்லண்ட் லெட்டரில் போகும். பதில் வருவதற்குள் பிள்ளை குப்புற விழுந்துவிடும். மாமியாருக்கும் மணியார்டருக்கும் நடுவில் வீட்டை ஓட்டியவர்கள் இவர்கள். கணவன் கடிதங்களில் எழுதிய பெயர்களை வைத்தே எல்லா மாலுமிகளையும் இவர்களுக்குத் தெரியும். “நீங்கதானா அந்தப் பாட்டுப் பாடுற கேரளாக்காரர்?” என்று ஒரு அம்மா கேட்டால் கேரளாக்காரர் ஆடிப்போவார். விராட் நம்மிடம் இருந்த காலத்தில் 2,252 நாள் கடலில் கழித்தது என்று கடற்படையே கணக்குச் சொல்லியிருக்கிறது. ஆறு வருஷத்துக்கு மேல். அந்த நாள்கள் ஒவ்வொன்றும் கரையில் ஆயிரம் வீடுகளில் ஆள் இல்லாத நாள். அந்தக் கணக்கை யாரும் போடவில்லை.

அடுத்து, உடைத்த கதை. இதில் என் கருத்து சிலருக்குப் பிடிக்காது.

விக்ராந்துக்கு 1997-ல் ஓய்வு கொடுத்து மும்பையில் அருங்காட்சியகமாக நிறுத்தினார்கள். பராமரிக்கப் பணமில்லை. 2012-ல் மூடினார்கள். 2014-ல் சுமார் 60 கோடிக்கு விற்று மும்பையிலேயே உடைத்தார்கள். அதன் இரும்பைக் கலந்து பஜாஜ் கம்பெனி 2016-ல் ‘வி’ என்ற மோட்டார் சைக்கிள் விட்டது. விராட்டை அருங்காட்சியகமாக்க மகாராஷ்டிர அரசு 2018-ல் 852 கோடித் திட்டம் ஒன்றுக்கு ஒப்புதல் கொடுத்தது. நடக்கவில்லை. இங்கிலாந்தில் பழைய போர்வீரர்கள் கப்பலைத் திருப்பி வாங்கப் பணம் திரட்டப் பார்த்தார்கள், சேரவில்லை. 2020-ல் 38.54 கோடிக்கு ஏலம் போனது. செப்டம்பரில் இழுவைக் கப்பல் கட்டிக் குஜராத்தின் அலங் கடற்கரைக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரியில் இடைக்காலத் தடை கொடுத்தது. அதற்குள் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக உடைத்தாகிவிட்டது. ஏப்ரலில் வழக்கு முடிந்தது, கப்பலும் முடிந்தது.

ஐயோ, காப்பாற்றியிருக்கலாமே என்று அப்போது எல்லோரும் எழுதினார்கள். நான் எழுதவில்லை. உப்புக் காற்றில் நிற்கும் 28,000 டன் இரும்பைத் துருப்பிடிக்காமல் வைப்பது ஒரு அரசாங்கமே திணறும் செலவு. நீர்மூழ்கியை வைத்துக்கொள்ளலாம், சின்னது. விசாகப்பட்டினம் கடற்கரையில் குர்சுரா 2002 முதல் நன்றாகவே இருக்கிறது. பழைய கடற்படைக்காரர்களே உள்ளே நின்று பார்வையாளர்களுக்கு விளக்கம் சொல்கிறார்கள். நாமும் வாக்லி என்ற நீர்மூழ்கியை மாமல்லபுரத்தில் வைப்பதாகக் கிளம்பினோம். ஆரவாரமாக ஆரம்பித்துக் கைவிட்டோம். பணம் இருந்தால் இரும்பைக் காப்பாற்றுங்கள், சந்தோஷம். பணமில்லாதபோது இரும்புக்காக அழுதுகொண்டே, செலவில்லாமல் காப்பாற்றக்கூடிய மனிதர்களின் வாய்மொழியைக் கோட்டைவிடுவதுதான் எனக்கு ஆற்றாமை.

அலங்கில் அந்தக் கப்பலைக் காஸ் கட்டரால் வெட்டிய தொழிலாளிகளையும் நினைத்துப் பார்க்கிறேன். பிகார், உத்தரப் பிரதேசம், ஒடிசாவிலிருந்து வந்த கூலிக்காரர்கள். எந்த அட்மிரலும் கால் வைக்காத இடுக்குகள் வரை நுழைந்து பார்த்தவர்கள். கப்பலின் கடைசிச் சிப்பந்திகள் அவர்கள்தான். எந்தக் கூடலுக்கும் அவர்களை அழைக்க மாட்டார்கள்.

இவ்வளவும் சொன்னவன், என் கட்சிக்கு எதிரான ஒரு கதையையும் சொல்லிவிட வேண்டும். அமெரிக்காவில் எல்.எஸ்.டி. 325 என்று ஒரு கப்பல். டாங்கிகளையும் படைகளையும் கரையில் நேராகக் கொண்டுபோய் இறக்கும் ரகம். நார்மண்டித் தரையிறக்கத்தில் இருந்தது. பிறகு கிரேக்கக் கடற்படைக்குப் போய், அங்கேயும் ஓய்வு பெற்று, கிரீட் தீவில் துருப்பிடித்து நின்றது. அந்த ரகக் கப்பல்களில் வேலை பார்த்த அமெரிக்கக் கிழவர்கள் 2000-ல் கிரீஸுக்குப் போனார்கள். சராசரி வயது 72. கோடை முழுக்கத் தாங்களே பழுது பார்த்தார்கள். நவம்பரில் கிளம்பி, குளிர்காலத்து அட்லாண்டிக் பெருங்கடலைத் தாங்களே ஓட்டித் தாண்டி, 2001 ஜனவரி 10 அன்று அலபாமா மாநிலத்தின் மொபில் துறைமுகத்தில் கொண்டுவந்து கட்டினார்கள். வழக்கமாகக் கூடல் என்றால் வாடகை மண்டபத்தில் நடக்கும். இவர்கள் நடுக்கடலில் நடத்திவிட்டார்கள். இன்று அந்தக் கப்பல் இண்டியானாவின் எவன்ஸ்வில் நகரத்தில் ஆற்றோரம் நிற்கிறது. அதே ரகக் கப்பல்களைப் போர்க்காலத்தில் கட்டிய ஊர் அது. நம் ஊரில் எழுபது வயதுக்காரர் மாடிப்படி ஏறினாலே மகள் சத்தம் போடுகிறாள்.

சரி, நாம் என்ன செய்யலாம்? தமிழ்நாட்டில் கடற்படைக்காரர் இல்லாத மாவட்டம் இல்லை. அரக்கோணத்தில் ராஜாளி, உச்சிப்புளியில் பருந்து, விஜயநாராயணத்தில் கட்டபொம்மன், கோயம்புத்தூரில் அக்ரணி என்று தளங்களே இருக்கின்றன. பழைய கப்பல்காரர்கள் வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறார்கள். காலை வணக்கமும் பிறந்தநாள் கேக்கும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அடுத்த முறை கூடும்போது ஒரு மணி நேரத்தை மட்டும் ஒதுக்குங்கள். ஒரு கல்லூரி மாணவனை உட்காரவையுங்கள். செல்போனில் பதிவு செய்யட்டும். வீரக்கதை வேண்டாம். எந்தக் கப்பல், எந்த வருஷம், எந்த மெஸ், காலையில் எழுந்ததிலிருந்து படுக்கும் வரை என்ன செய்தீர்கள், என்ன சாப்பிட்டீர்கள், எதற்குப் பயந்தீர்கள். இரண்டு பேர் சேர்ந்து பேசினால் நல்லது, ஒருவரை ஒருவர் திருத்துவீர்கள். மனைவிமாரையும் பேசவிடுங்கள், தனியாக, நீங்கள் பக்கத்தில் இல்லாமல்.

ராணுவ ரகசியம் என்று தயங்குகிறவர்கள் அதைச் சொல்ல வேண்டியதில்லை. கஞ்சி எப்படி இருந்தது என்பதில் ரகசியம் எதுவும் இல்லை.

நூலகரிடம் பேசிவிட்டேன். வாசலில் அவர் மேசைமேல் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கிறது. முன்வரிசைப் பெரியவர்கள் போகும்போது உங்கள் பெயர், கப்பல், வருஷம், பிராஞ்ச் நாலையும் எழுதிவிட்டுப் போங்கள். அடுத்த மாதத்திலிருந்து இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை காலையில் இதே அரங்கில் பதிவு ஆரம்பிக்கிறோம். காபி எங்கள் செலவு.